தாழ்ப்பாளுக்குப் பின்னால் நின்ற மனுஷன்: கெய்தானோ ஷிரேயா

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்கள்ல பாதிப் பேர் கேட்டது ஒரே விஷயம்தான்: "இத்தாலி டிஃபெண்டர்ஸ் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்க." நீங்க எதிர்பார்க்கிறது மால்தீனி, பரேஸி, கன்னவாரோன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் அவங்களுக்கு ஒரு தலைமுறை முன்னாடி போகப் போறேன். ஆள் பேரு கெய்தானோ ஷிரேயா. ஆமா, நம்ம காதுக்கு ஏதோ ஹீரோயின் பேர் மாதிரி கேட்கும். சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.

இவரைப் பத்தி எல்லாரும் சொல்ற முதல் விஷயம், வாழ்க்கையில ஒரு தடவைகூட ரெட் கார்டு வாங்கினதில்லை என்பது. 1972-ல ஆரம்பிச்சு 1988 வரைக்கும், முதல் தர கால்பந்தில் பதினாறு வருஷம், அதுவும் டிஃபெண்டராக. இதைக் கேட்டதும் எல்லாரும் அடுத்து சொல்வது, "என்ன ஒரு ஜென்டில்மேன்!" எனக்கு அந்த இடத்தில்தான் ஒரு சின்ன உறுத்தல். "நல்ல மனுஷன்"னு சொல்லி ஒருத்தரை ஃப்ரேம் போட்டு மாட்டிட்டா, அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பது அந்த ஃப்ரேமுக்குப் பின்னாடி மறைஞ்சு போயிடும். ஷிரேயாவுக்கு அதுதான் நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அவர் ஆடின இடத்தைப் புரிஞ்சுக்கணும். இன்னைக்கு எந்த டீமிலும் அந்த இடம் கிடையாது.

1930-கள்ல ஸ்விட்சர்லாந்தில் கார்ல் ரப்பன் என்ற கோச் ஒரு ஐடியா கண்டுபிடிச்சார். தன் டீம் பலவீனமானது, எதிரணி பலமானது. அப்போ டிஃபென்ஸுக்குப் பின்னாடி இன்னொரு ஆளை நிறுத்தி வை. முன்னாடி நிக்கிறவங்களைத் தாண்டி ஏதாவது வந்தா அவர் பார்த்துக்குவார். நம்ம பாஷையில சொன்னா, எல்லா கோடும் ஃபெயில் ஆன பிறகு கடைசியா பிடிக்கிற எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர். இந்த ஐடியா இத்தாலிக்குப் போனதும் அதுக்கு ஒரு பேர் கிடைச்சது: கத்தெனாச்சோ. தாழ்ப்பாள்னு அர்த்தம். மிலானில் நெரேயோ ரொக்கோவும் இன்டரில் எலேனியோ எரேராவும் 1960-கள்ல இதை வெச்சு ஐரோப்பியக் கோப்பையே ஜெயிச்சாங்க. பின்னாடி நிக்கிற அந்த ஆளுக்குப் பேர் லிபரோ. சுதந்திரமானவர். யாரையும் மார்க் பண்ண வேண்டிய பொறுப்பு இல்லாதவர்னு அர்த்தம்.

பேர்தான் சுதந்திரம். நிஜத்தில் பழைய லிபரோவுக்கு இருந்த சுதந்திரம், பந்தை ஓங்கி உதைச்சு கேலரிக்கு அனுப்புற சுதந்திரம் மட்டுமே. மைதானத்தின் நடுக்கோட்டை அவர் தாண்டினால் கோச்சுக்கு நெஞ்சு வலி வந்துடும். ஜெர்மனியில் பெக்கன்பாவர் அந்த இடத்திலிருந்து பந்தை எடுத்துக்கிட்டு முன்னாடி போக முடியும்னு காட்டினார். ஆனா இத்தாலியில், தாழ்ப்பாள் கலாச்சாரத்துக்கு நடுவில், அதைச் செய்து காட்டியவர் ஷிரேயாதான்.

1953 மே 25-ல மிலானுக்குப் பக்கத்தில் செர்னுஸ்கோ சுல் நவில்யோ என்ற ஊரில் பிறந்தார். அப்பா சிசிலிக்காரர். இத்தாலியைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்கு இந்த ஒரு வரி போதும்: தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கே தொழிற்சாலை ஊர்களுக்கு வந்த லட்சக்கணக்கான குடும்பங்களில் இதுவும் ஒண்ணு. சின்ன வயசில் நடுக்களத்தில் ஆடிப் பழகினவர், அப்புறம்தான் பின்னாடி இறக்கப்பட்டார். இது முக்கியம், ஏன்னா பந்து காலில் இருந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டுபோய், பந்தே வேண்டாம்னு நினைக்கிற இடத்தில் நிறுத்தியிருக்காங்க. 1972 செப்டம்பரில் அட்டலாண்டாவுக்காக சீரி ஆவில் முதல் மேட்ச். ரெண்டு வருஷம் கழிச்சு, 1974-ல, யுவென்டஸ். சான்ட்ரோ சால்வதோரே ஓய்வு பெற்ற இடம் காலியா இருந்தது. 21 வயசுப் பையன் போய் நின்னான். பதினாலு வருஷம் அங்கேயே நின்னான்.

யுவென்டஸுக்கு 552 மேட்ச். இந்த ரெக்கார்டை 2008-ல தெல் பியேரோ வந்துதான் தாண்டினார். ஏழு லீக் பட்டம். கோப்பைகளை முழுசா அடுக்கினா நீங்க ஃபார்வர்டு பண்ணிடுவீங்க, அதனால ஒண்ணு மட்டும் சொல்றேன். 1977 யூஇஎஃப்ஏ கோப்பை, யுவென்டஸின் முதல் ஐரோப்பியக் கோப்பை. அத்லெட்டிக் பில்பாவோவை ரெண்டு லெக்கும் சேர்த்து 2-2, வெளியூர் கோல் கணக்கில் ஜெயிச்சாங்க. அந்த டீமில் ஒரு வெளிநாட்டுக்காரர்கூட இல்லை. அப்போ இத்தாலி லீக் வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைச் சாத்தி வெச்சிருந்த காலம், 1980-லதான் திறந்தாங்க. பில்பாவோவும் பாஸ்க் வீரர்களை மட்டுமே வெச்சு ஆடுற கிளப். இன்னைக்கு ஒரு ஐரோப்பிய ஃபைனலில் இப்படி ரெண்டு டீமை நினைச்சுப் பார்க்க முடியுமா?

சரி, ரெட் கார்டு விஷயத்துக்கு வருவோம்.

ஒரு டிஃபெண்டர் ஏன் ஃபவுல் பண்றார்? பெரும்பாலும் லேட்டா வந்ததால். பந்து எங்கே போகும்னு கணிச்சது தப்பாயிடுச்சு, ஆள் தாண்டிப் போயிட்டான், அப்போ சட்டையைப் பிடிக்கிறதைத் தவிர வேறு வழி இல்லை. ஷிரேயா ஆடின பழைய மேட்ச் வீடியோக்களை ஓட்டிப் பாருங்க. அவர் ஓடுறதே குறைவு. பாஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே அது போய்ச் சேரும் இடத்தில் நிற்கிறார். ஸ்லைடிங் டேக்கிள் பார்த்துக் கைதட்டிப் பழகின கண்ணுக்கு இது சப்புன்னு தெரியும். பந்து வருது, எடுக்கிறார், தலையைத் தூக்கிப் பார்க்கிறார், கொடுக்கிறார். அவ்வளவுதான். அவருடைய நல்ல குணத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனா முதல் காரணம் அந்தக் கணிப்பு.

ரெண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. அவருடைய ரசிகர்கள் இதைப் பேச மாட்டாங்க. அவருக்கு முன்னாடி நின்றவர் பேரு கிளாவ்தியோ ஜென்டீலே. இத்தாலிய மொழியில் "ஜென்டீலே"ன்னா மென்மையானவர், இதமானவர். கால்பந்து வரலாற்றிலேயே இவ்வளவு பொருந்தாத பேர் இன்னொண்ணு இருக்காது. 1982 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிரா 21 வயசு மரடோனாவை இவர் மார்க் பண்ணினார். அந்த ஒரே மேட்ச்ல மரடோனா மேல 23 ஃபவுல். அடுத்த மேட்ச்ல பிரேசிலின் ஜீக்கோவுடைய சட்டையைக் கிழிச்சார். அப்போதைய இத்தாலிய முறையில் சில பேருக்கு ஆளைப் பிடிக்கிற வேலை, ஒருத்தருக்கு மட்டும் இடத்தைப் பார்த்துக்கிற வேலை. ஜென்டீலே கையை அழுக்காக்கிக்கிட்டதால்தான் ஷிரேயா கை சுத்தமா இருந்ததுன்னு சொன்னா அது முழு உண்மை இல்லை. ஆனா பாதி உண்மையாவது இருக்கு. பத்து வருஷம் ஒரே கிளப்பில், கூடவே ஒரே தேசிய அணியிலும் சேர்ந்து ஆடின ரெண்டு பேர். ஒருத்தர் முரடர், ஒருத்தர் மகான்னு நாம பிரிச்சு வெச்சிருக்கோம். களத்தில் அவங்க ஒரே மெஷினின் ரெண்டு பாகம்.

1982 பத்தி இன்னும் கொஞ்சம் பேசியே ஆகணும்.

அந்த உலகக் கோப்பைக்கு இத்தாலி போனபோது சொந்த நாட்டிலேயே மரியாதை இல்லை. முதல் ரவுண்டில் மூணு மேட்ச்: போலந்து 0-0, பெரு 1-1, கேமரூன் 1-1. ஒண்ணுகூட ஜெயிக்கலை. பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட, வீரர்கள் கோபத்தில் இனி யாரும் பத்திரிகைக்காரர்களிடம் பேசமாட்டோம்னு முடிவு பண்ணினாங்க. டீம் சார்பா பேசறதுக்கு ஒரே ஆள், கேப்டன் தீனோ ஜோஃப். இதில் காமெடி என்னன்னா, அந்த டீமிலேயே வாயைத் திறக்காத ஆள்னு பேர் எடுத்தவர் ஜோஃப். அவருக்கு அடுத்த இடம் யாருக்குன்னா, அவருடைய அறைத் தோழர் ஷிரேயாவுக்கு. இவங்க ரெண்டு பேர் தங்கின அறைக்கு மற்ற வீரர்கள் வெச்ச பேர் "ஸ்விட்சர்லாந்து". அவ்வளவு அமைதி. தூக்கம் வராத மார்கோ தார்தெல்லி மாதிரி ஆட்கள் ராத்திரியில் அங்கேதான் போய் உட்காருவாங்களாம்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அர்ஜென்டினா 2-1, பிரேசில் 3-2, போலந்து 2-0. ஜூலை 11, மாட்ரிட், ஃபைனலில் மேற்கு ஜெர்மனி. 25-வது நிமிஷத்தில் கப்ரீனி பெனால்டியை வெளியே அடிச்சார். 57-ல ரோஸி முதல் கோல். 69-வது நிமிஷத்தில் தார்தெல்லி அடிச்ச கோலை நீங்க பார்த்திருப்பீங்க. கோலைப் பார்க்கலைன்னாலும் அதுக்கு அப்புறம் அவர் முஷ்டியை ஆட்டிக்கிட்டு, தலையை உலுக்கி, கண்ணீரோட கத்திக்கிட்டே ஓடினதைப் பார்த்திருப்பீங்க. கால்பந்து வரலாற்றில் அதிகமா ரீப்ளே ஆன சந்தோஷம் அது.

இப்போ அந்த வீடியோவைப் பத்து செகண்ட் பின்னாடி ஓட்டுங்க. ஜெர்மனி பாக்ஸுக்குள்ள, வலது பக்கம், பந்தோட நிக்கிற இத்தாலிக்காரர் யாரு? லிபரோ. கடைசித் தாழ்ப்பாளா இருக்க வேண்டிய ஆள். உலகக் கோப்பை ஃபைனல்ல, ஒரே ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது, எதிரணியின் பாக்ஸுக்குள்ள நிக்கிறார். பந்தை 18 வயசு பெர்கோமிக்குக் கொடுக்கிறார். அவரும் டிஃபெண்டர்தான். பெர்கோமி திருப்பிக் கொடுக்கிறார். ஜெர்மன்காரங்க எல்லாரும் அந்தப் பக்கம் இழுபட்டுப் போறாங்க. எந்த அவசரமும் இல்லாம, காலியா நிக்கிற தார்தெல்லிக்கு ஒரு பாஸ். மீதி உங்களுக்குத் தெரிஞ்ச கதை.

அந்தக் கத்தல் உலகம் முழுக்கப் போஸ்டர் ஆயிடுச்சு. அந்தப் பாஸ் கொடுத்தவர் யாருன்னு க்விஸ்ல கேட்டா எத்தனை பேர் சொல்வாங்க? அன்னைக்கு 3-1 ஜெயிச்சு ஊரே ஆடின ராத்திரி, ஜோஃபும் ஷிரேயாவும் ஹோட்டல் அறையில் படுக்கையில சாய்ஞ்சு சிகரெட் பிடிச்சுக்கிட்டு இருந்ததா ஜோஃபே பின்னாளில் சொல்லியிருக்கார். ஒருத்தருக்கு 40 வயசு, இன்னொருத்தருக்கு 29. உலக சாம்பியன்கள்.

பின்னாளில் யுவென்டஸ் கேப்டன் பட்டை ஷிரேயா கைக்கு வந்தது. 1983-ல ஏதென்ஸில் ஹாம்பர்க்கிடம் ஐரோப்பியக் கோப்பை ஃபைனலைத் தோத்திருந்தாங்க. அந்தக் கிளப் அதுவரை ஜெயிக்காத கோப்பை அது. 1985 மே 29, மறுபடி ஃபைனல். எதிரணி லிவர்பூல். இடம் பிரசல்ஸ், ஹெய்சல் ஸ்டேடியம்.

இதைப் பத்தி நான் மெதுவா பேசப் போறேன்.

1930-ல திறந்த ஸ்டேடியம் அது; சுவர்கள் பழுதடைஞ்சு கிடந்தன. ஒரு பக்க கேலரியில் லிவர்பூல் ரசிகர்கள். அவங்களுக்குப் பக்கத்திலேயே "இஸட்" என்ற பகுதி. பொதுவான ஆட்களுக்குன்னு ஒதுக்கின பகுதி. ஆனா அங்கே டிக்கெட் வாங்கியிருந்தவங்களில் நிறையப் பேர் இத்தாலியர்கள். ரெண்டு பகுதிக்கும் நடுவில் ஒரு கம்பி வலையும் கொஞ்சம் போலீஸும்தான். மேட்ச் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது லிவர்பூல் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வலையைத் தாண்டிப் பாய்ஞ்சது. பயந்து ஒதுங்கின ஜனம் எல்லாம் மறு ஓரத்துச் சுவரில் போய் நெருங்கினாங்க. நசுங்கினாங்க. சுவர் இடிஞ்சது. 39 பேர் செத்துப் போனாங்க. அதில் 32 பேர் இத்தாலியர்கள்.

மேட்சை நிறுத்திடலாம்னுதான் யாருக்கும் முதலில் தோணும். ஆனா நிறுத்தினா, ஆத்திரத்தில் இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வெளியே வருவாங்க, இன்னும் பெரிய சாவு விழும்னு அதிகாரிகள் பயந்தாங்க. ஆடியே ஆகணும்னு முடிவாச்சு. ரெண்டு கேப்டன்களையும் மைக் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினாங்க. லிவர்பூல் தரப்பில் ஃபில் நீல். யுவென்டஸ் தரப்பில் ஷிரேயா.

வாழ்க்கை முழுக்கப் பேசாமலேயே இருந்த ஒரு மனுஷன். அவர்கிட்ட ஒரு காகிதத்தைக் கொடுத்து, பிணங்கள் கிடக்கிற ஸ்டேடியத்தில் தன் சொந்த ஆட்களிடம் அமைதியா இருக்கச் சொல்லுன்னு சொல்லியிருக்காங்க. போலீஸ் கூட்டத்தை ஒழுங்குபடுத்த வசதியா மேட்ச் நடக்கும், அமைதியா இருங்க, சீண்டினால் பதிலுக்குப் போகாதீங்க, உங்களுக்காக ஆடறோம். அவர் படிச்சதோட சாரம் இவ்வளவுதான். அந்த ஒலிப்பதிவைக் கேட்டா குரலில் எந்த நாடகமும் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு தட்டையான குரல். அந்த நேரத்தில் அந்தத் தட்டையான குரல்தான் தேவைப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் தாமதமா மேட்ச் தொடங்கியது. பெனால்டி பாக்ஸுக்கு வெளியே நடந்த ஒரு ஃபவுலுக்குப் பெனால்டி கொடுத்தாங்க, பிளாட்டினி கோல் அடிச்சார், 1-0. அதுக்கப்புறம் வீரர்கள் கோப்பையோட ரசிகர்கள் முன்னாடி ஓடினாங்க. வீரர்களுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்ற சண்டை இத்தாலியில் இன்னைக்கும் ஓயலை. அந்தக் கொண்டாட்டத்தை என்னால பார்க்க முடியலை. அதே சமயம், ஆடினதே தப்புன்னு சொல்றவங்ககூடவும் என்னால முழுசா சேர முடியலை. ஆடாம இருந்திருந்தா அந்த ராத்திரி தெருவில் என்ன ஆகியிருக்கும்னு யோசிக்காம அந்தத் தீர்ப்பைச் சொல்லக் கூடாது.

ஷிரேயாவுக்கு அப்போ வயசு 32. 1986 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் இத்தாலிக்குக் கேப்டனாப் போனார். ரெண்டாவது ரவுண்டில் பிரான்ஸிடம் 2-0 தோல்வி. முதல் கோல் அடிச்சது, கிளப்பில் தினமும் கூடவே பயிற்சி செய்ற பிளாட்டினி. அதுதான் ஷிரேயாவின் 78-வது, கடைசி சர்வதேச மேட்ச். 1988-ல கிளப்பிலிருந்தும் ஓய்வு. அதே வருஷம் அர்ரீகோ சக்கியின் மிலான், நாலு டிஃபெண்டர்களை ஒரே கோட்டில் நிறுத்தி லீக்கை ஜெயிச்சது. பின்னாடி தனியா ஒரு ஆள் நிக்க வேண்டியதே இல்லைன்னு ஆனது. ஷிரேயா போனதும், கொஞ்ச வருஷத்தில் அந்த வேலையே இல்லாமப் போச்சு.

யுவென்டஸுக்கு அப்போ கோச் யாரு தெரியுமா? தீனோ ஜோஃப். தன் பழைய அறைத் தோழரை உதவிக் கோச்சா வெச்சுக்கிட்டார். ரெண்டு அமைதியான ஆட்கள், இந்தத் தடவை பெஞ்ச்ல.

1989 யூஇஎஃப்ஏ கோப்பை முதல் ரவுண்டில் யுவென்டஸுக்கு எதிரணி, போலந்தின் கூர்னிக் ஜாப்ஷே. இன்னைக்குன்னா ஒரு அனலிஸ்ட் லேப்டாப்பில் இருபது மேட்ச் வீடியோவை இறக்கி வெட்டி ஒட்டிடுவார். அப்போ ஆள் நேரில் போய்ப் பார்த்து, குறிப்பு எழுதிக்கிட்டு வரணும். ஷிரேயா போனார். அப்படி ஒரு டீமை வேவு பார்க்கப் போகவேண்டிய அவசியம்தான் என்ன என்ற கேள்வி இத்தாலியில் பல வருஷம் அடங்கலை.

1989 போலந்தை நினைச்சுப் பாருங்க. கம்யூனிஸ்ட் ஆட்சி முடிஞ்சுக்கிட்டிருந்த வாரங்கள் அவை. ஆகஸ்ட் கடைசியில்தான் மசோவியெட்ஸ்கி பிரதமரா தேர்வானார். கடைகளில் பொருள் இல்லை, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. தூரமாப் போற வண்டிகளில் கேன்ல பெட்ரோல் வெச்சுக்கிறது சர்வ சாதாரணம். செப்டம்பர் 3, மேட்ச் பார்த்து முடிச்சு, வார்சாவுக்குத் திரும்புற வழி. பாப்ஸ்க் என்ற ஊர்ப் பக்கம் அவங்க போன ஃபியட் 125 எதிர்ல வந்த வண்டியோட மோதினது. டிக்கியில் பெட்ரோல் கேன்கள். கார் தீப்பிடிச்சது. ஷிரேயாவும் டிரைவரும் மொழிபெயர்ப்பாளரும் இறந்தாங்க. கூட இருந்த நாலாவது ஆள் மட்டும் பிழைச்சார். ஷிரேயாவுக்கு 36 வயசு.

அது ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில் ஞாயிறு ராத்திரின்னா வீட்டுக்கு வீடு "லா தொமேனிகா ஸ்போர்த்தீவா" என்ற டிவி நிகழ்ச்சி ஓடும். அன்னைக்கு அதை நடத்திக்கிட்டிருந்த சாந்த்ரோ சோத்தி, நேரலையில் அந்தச் செய்தியைச் சொன்னார். ஸ்டூடியோவில் விருந்தாளியா உட்கார்ந்திருந்தவர், மாட்ரிட்ல அந்தப் பாஸை வாங்கி கோல் அடிச்ச அதே மார்கோ தார்தெல்லி. எழுந்து வெளியே போயிட்டார்.

இப்போ யுவென்டஸ் ஸ்டேடியத்தின் தெற்கு கேலரிக்கு ஷிரேயா பேர். வெளியே போற சாலைக்கும் அவர் பேர். ஒழுங்கா ஆடினவங்களுக்கு வருஷாவருஷம் கொடுக்கிற ஒரு விருதுக்கும் அவர் பேர்தான் வெச்சிருக்காங்க. அந்த விருதில்கூட "நல்ல மனுஷன்" ஷிரேயாதான் இருக்கார், 69-வது நிமிஷத்தில் ஜெர்மனி பாக்ஸுக்குள்ள போய் நின்ன ஷிரேயா இல்லை. அதனாலதான் இந்த எபிசோட்.

அந்த செப்டம்பரிலேயே யுவென்டஸ் கூர்னிக் ஜாப்ஷேவோட ஆடி ரெண்டு லெக்கையும் ஜெயிச்சது. அப்படியே போய் 1990 மே மாசம் ஃபைனலில் ஃபியோரென்டினாவை வீழ்த்தி கோப்பையையும் எடுத்தாங்க. பெஞ்சில் ஜோஃப் இருந்தார். சீசன் முடிஞ்சதும் கிளப் அவரையும் அனுப்பிடுச்சு.

அடுத்த எபிசோட்ல, நீங்க முதல்ல கேட்ட பரேஸி. 1982 டீமில் ஒரு நிமிஷம்கூட ஆடாம பெஞ்சிலேயே உட்கார்ந்து ஷிரேயாவைப் பார்த்துக்கிட்டிருந்த 22 வயசுப் பையன். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.